பாதரசத்தைத் தாங்கும் கடற்கிருமிகள்

பாதரசம் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. ஆயினும், அது படிந்த கடற்சேற்றிலும் சில நுண்கிருமிகள் வளர்கின்றன. இதற்குக் காரணம் அவற்றின் மரபணுக்களேயாம்.

ஜப்பான் தேசத்து மினமாட்டா விரிகுடாவில் ஓர் இரசாயன ஆலையின் பாதரசக் கழிவு 1932 முதல் 1968 வரை விடப்பட்டது. அதிலிருந்த மெதில் பாதரசம் மீன்களில் ஏறி, அவற்றை உண்டோரின் நரம்புகளைக் கெடுத்தது. இந்நோய் 1956-ல் வெளிப்பட்டது. பிற்காலத்தில் அவ்விரிகுடாச் சேற்றிலிருந்தே பாதரசத்தைத் தாங்கும் கிருமிகள் பிரித்தெடுக்கப்பட்டன.

இத்தகைய கிருமிகளிடம் 'மெர்' எனும் மரபணுத் தொகுதி உண்டு. அதில் ஒன்று வாயிற்காவலன் போன்றது. பாதரசம் உட்புகுந்ததும் ஏனையவற்றைத் தொழிலில் ஏவும். மற்றொன்று மெதில் பாதரசத்தை உடைக்கும் நொதியை உண்டாக்கும். வேறொன்றால் உண்டாகும் நொதி, எஞ்சிய பாதரசத்தை ஆவியாகத்தக்க நிலைக்கு மாற்ற, அது கிருமியின் உடலை விட்டு நீங்கும்.

இத்தொகுதி பெரும்பாலும் இடம் பெயரும் தன்மையுடையது. ஆகையால் ஒரு கிருமியிடமிருந்து மற்றொன்றுக்குச் செல்லக்கூடும். சில கிருமிகளில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் இதனுடன் சேர்ந்தே செல்கிறது. எனவே, பாதரசம் சேருமிடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருக இடமுண்டு.

இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனில், கிருமி பிழைக்கிறது, பாதரசமோ அழிவதில்லை. ஆவியாய்ச் சென்று, வேறிடத்தில் மண்ணிலும் நீரிலும் மீண்டும் இறங்குகிறது. ஆகவே, கிருமிகள் நஞ்சைப் போக்கிவிடுமென்று வாளாவிருத்தல் கூடாது. ஆலைக் கழிவு வாய்க்காலிலும் ஏரியிலும் கலவாமல் முதலிலேயே தடுப்பது நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய கடமையாகும்.