ஏரியும் ஒரு வெற்றித்தூண்

கேள்வி: போர் வந்தால் தலையங்கங்கள் ஏன் உருவகத்தில் இறங்கிவிடுகின்றன?
- வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: பத்திரிகை பிறப்பதற்கு முந்தைய பழக்கம் அது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் தன் கங்கைப் படையெடுப்பின் நினைவாக அமைத்த சோழகங்கம் ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. தூணைப் பார்ப்பவர் கண்ணில் செத்தவர்கள் படமாட்டார்கள். 2025 ஜூலையில் பிரதமர் அங்கே வந்து, பாகிஸ்தான் மீதான ராணுவத் தாக்குதலான ஆபரேஷன் சிந்தூர் பற்றியும் பேசினார். இடத்தேர்வு சாமர்த்தியம்தான்! சிந்தூர் என்பது பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலில் கணவரைப் பறிகொடுத்த பெண்களின் நெற்றிக் குங்குமம். பெயரே அப்படி அமைந்தபின், ராணுவத் தாக்குதலின் விளைவை ஒரு தலையங்கம் அலசினால் வீட்டுப் பெண்களுக்கே துரோகம் செய்ததுபோல் ஆகிவிடுகிறது. 2016-இல் எல்லை தாண்டிய தாக்குதலை சர்ஜிக்கல் ஸ்ட்ரைக், அதாவது அறுவைசிகிச்சைத் தாக்குதல் என்றார்கள். ராணுவம் டாக்டர், எதிரி கட்டி. கட்டியோடு யாராவது பேச்சுவார்த்தை நடத்துவார்களா?