குறட்டையைக் கேட்டவர் கூற வேண்டும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கர்நாடகம் தொடங்குமிடம் பாலாறு. 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், இன்று சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கும் மலைப்பகுதி அது. அங்கிருந்து கர்ப்பிணிப் பெண் ஒருவர், தாய்மை உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க மாமியாருடன் நம் கிளைக்கு வந்திருந்தார். படிவம் நிரம்புவதற்குள் இருக்கையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். "இராத்திரி முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்குறா, பகலிலும் தூக்கந்தான்" என்று மாமியார் சிரித்தார். நாமும் சிரித்தோம். பின்னர் இப்பொருள் பற்றிப் படித்தபோது அச்சிரிப்பு நம்மை உறுத்தியது.

குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமன்று. காற்றுச் செல்லும் வழி குறுகியிருப்பதன் ஓசை. கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மிகுவதால் மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. உடல் எடை கூடுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே கடைசி மாதங்களில் பலருக்கும் குறட்டை வருவது இயல்பே. ஆனால் சிலருக்குத் தொண்டை வழி அடைபட்டு, மூச்சே பத்து வினாடி அல்லது அதற்கும் மேலாக நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ மணிக்கு ஐந்து முறைக்குக் குறையாமல் நேர்ந்தால் அதனை உறக்க மூச்சுத்தடை என்பர்.

2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, முதற்பிரசவத்தை எதிர்நோக்கிய 3,000-க்கும் மேற்பட்ட பெண்களின் உறக்கத்தை அவரவர் வீட்டிலேயே அளந்தது. தொடக்க மாதங்களில் நூற்றுக்கு 3.6 பேருக்கும், நடு மாதங்களில் 8.3 பேருக்கும் உறக்க மூச்சுக் கோளாறு இருந்தது. அவர்களிடையே கர்ப்பகால நீரிழிவும், இரத்த அழுத்தம் கூடும் முன்சூல்வலிப்பும் மிகுதியாகக் காணப்பட்டன. மூச்சுத்தடைதான் காரணமா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. எனினும் கர்ப்பத்திற்கு முன்பே உடற்பருமனோ, உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் குறட்டையைப் புறக்கணித்தல் ஆகாது.

இடர் யாதெனில், நோயுற்றவர் இதனை அறியார். பகற்சோர்வைக் கர்ப்பத்தின் மேல் போட்டுவிடுவார். குறட்டை திடீரென நின்று, சற்றுப் பொறுத்து மூச்சுத் திணறலுடன் மீண்டும் தொடங்குவதை அருகில் படுத்திருப்பவரே கேட்க முடியும். கணவரோ, தாயோ, மாமியாரோ, கேட்டவரே மருத்துவரிடம் உடன்சென்று கூற வேண்டும். ஐயமிருப்பின் மருத்துவர் உறக்க ஆய்வுக்கு அனுப்புவார். தேவையெனில், முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவியைப் பரிந்துரைப்பார். இக்கருவி 1981 முதல் மருத்துவத்தில் அறியப்பட்டதே, கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை உட்கொள்ளலாகாது. 28 வாரங்களுக்குப் பின் ஒருக்களித்துப் படுத்து உறங்குவது சிசுவுக்கும் நன்று. இடையில் விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் அஞ்ச வேண்டியதில்லை, திரும்பிப் படுத்தாற் போதும்.

2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் இலவசப் பரிசோதனை செய்கின்றனர். முதற்குழந்தைக்கான ரூ.5,000 மத்திய அரசு உதவித்தொகைக்கும் கர்ப்பகாலப் பரிசோதனை செய்திருத்தல் வேண்டும். இப்போது அப்படிவத்தை நிரப்ப வருவோரிடம் கணக்கு எண்ணோடு அந்த 9-ஆம் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். இரவில் அருகில் உறங்குபவர் யாரென்றும் கேட்டுக்கொள்கிறோம்.