சக்கரமா, முதுகா? கப்பல் பயணத்துக்கு ஒரு பை

சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் டாக்சியை விட்டு இறங்கியதும் முதல் வேலை, பெரிய பெட்டிகளை ஒப்படைப்பது. அறை எண் போட்ட அட்டையைக் கைப்பிடியில் மாட்டிக் கொடுத்துவிட்டால், அந்தப் பெட்டியை மறுபடி பார்ப்பது உங்கள் அறை வாசலில்தான். சாயங்காலமே வந்துவிடலாம். இரவுச் சாப்பாடு முடிந்து திரும்பும்போதுகூட வராமல் இருக்கலாம். அறையும் உடனே கிடைக்காது. சீக்கிரம் ஏறிவிட்டவர்கள் மதியம் ஒன்றரை, இரண்டு மணி வரை பஃபேயிலும் மேல்தளத்திலும்தான் பொழுதைப் போக்க வேண்டும். அந்த அரைநாளுக்குக் குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையும் உங்களோடு வரும் பைக்குள் இருந்தாக வேண்டும்.

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ பினாங்கிலோ போர்ட் கிளாங்கிலோ புக்கெட்டிலோ கரையிறங்கும்போதும் ஒரு பை வேண்டும். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டு, ஏறும் நாளை மட்டும் மனதில் வைத்துச் சின்ன டிராலி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கரையிறங்கும் காலையில் அந்த டிராலி கட்டிலுக்கடியில் கிடக்கும். தண்ணீர் பாட்டிலையும் குடையையும் போட ஒரு பிளாஸ்டிக் கவரைத் தேடுவார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். கரையிறங்கும் நாளுக்கு எது பொருந்துமோ அதை வாங்குங்கள். ஏறும் நாள் சாமானை அதற்குள் அடக்கிவிடலாம்.

அடங்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. பாஸ்போர்ட், விசாத் தாள், போர்டிங் பாஸ், பணம், நகை. பயணம் முழுமைக்குமான மாத்திரைகள்; இன்றைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பெட்டியில் போடுவது வேண்டாம். மூக்குக்கண்ணாடி, சார்ஜர், பவர் பேங்க். ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு நீச்சலுடை. நீச்சலுடையைப் பலரும் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் குளத்தையும் சறுக்குக் குழாயையும் பார்த்த பிறகு, 'பெட்டி வரட்டும்' என்ற சமாதானம் எடுபடாது. இத்தனையும் சேர்ந்து ஒருவருக்கு மூன்று நான்கு கிலோதான் வரும். 20 முதல் 25 லிட்டர் பை தாராளம்.

விசாத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலேறினாலே சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி வருவது புதிய நுழைவு. அதனால் அந்தத் தாள் கடைசி நாள் வரைக்கும் கைப்பையில் இருக்க வேண்டியது. முதல் நாளோடு வேலை முடிந்தது என்று பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

பெட்டி ராத்திரி வரை வராமல் போனால் அதற்குக் கப்பல்காரர்கள் மட்டும் காரணமாக இருக்க மாட்டார்கள். ஸ்கேனில் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், சில கப்பல்களில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஏதாவது தெரிந்தால் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். சூடாகும் எதையும் கப்பலில் விடமாட்டார்கள். நடுக்கடலில் தீ என்றால் ஓட இடமில்லை. வீட்டில் கட்டிய புளிச்சோற்றுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். கடையில் சீல் வைத்த முறுக்கு பாக்கெட் போய்விடும்.

இனி பை வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நான்கு சக்கர டிராலிக்கு முனையத்தின் வழுவழுத் தரையில் ராஜ மரியாதை. நீண்ட வரிசையில் ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போகலாம். தொல்லை அதற்கு முன்பும் பின்பும் இருக்கிறது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானத்தில் போகிறவர்களுக்கு எகானமி வகுப்பில் கேபின் பைக்கு இண்டிகோ, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டிலும் 7 கிலோதான் அனுமதி. கெட்டி ஓடு போட்ட டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். பாதிக்குக் கொஞ்சம் குறைவான எடையைப் பெட்டியே தின்றுவிடுகிறது. கப்பலுக்குள் போனதும் பஃபே மேசைகளுக்கு நடுவே அதற்கு இடம் தேட வேண்டும். லிஃப்டில் அது இன்னொரு ஆள். அறைக்குப் போன பிறகு மடங்கவும் மடங்காது.

ஆனாலும் டிராலியே சரி என்று நான் சொல்லும் ஆட்கள் உண்டு. முதுகுவலி, தோள்வலி உள்ளவர்கள். இரவில் மூச்சுக்கருவி வைத்துத் தூங்குகிறவர்கள். அந்தக் கருவியை ஒருபோதும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. பிறகு, சிங்கப்பூரிலேயே குடியிருந்து இரண்டு மூன்று இரவுப் பயணம் போகிறவர்கள். இவர்களுக்கு விமான எடைக் கட்டுப்பாடு கிடையாது. பெரிய பெட்டியே இல்லாமல் ஒரு டிராலியோடு ஏறி, அதையே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போய்விடலாம். இந்தக் கூட்டத்தார் வாங்குவதாக இருந்தால், கெட்டி ஓட்டுக்குப் பதில் துணியால் ஆன இரண்டு சக்கர டிராலியைப் பார்க்கட்டும். எடை குறைவு, வெளியே ஜிப் அறைகள் இருக்கும், கப்பல் லேசாக ஆடினால் தானாக உருண்டு ஓடாது.

டஃபிள் பை பார்க்க அழகு. ஜிம்முக்குப் பொருத்தம். நான்கு கிலோவை ஒரே தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பாஸ்போர்ட் சோதனை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றால் அழகு போய்விடும்.

டோட் பை, ஜோல்னாப் பை, ஜவுளிக்கடைக் கட்டைப் பை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று: வாய் திறந்தே இருக்கும். எக்ஸ்ரே பெல்ட்டில் படுத்தால் சாமான் கொட்டும் என்பது சின்ன விஷயம். போர்ட் கிளாங்கில் கப்பல் நிற்கும் நாளில் நம்மவர்கள் பலரும் பஸ் பிடித்துப் போவது பத்துமலைக்கு. 2006இல் திறந்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்குப் பின்னால் 272 படிகள். அந்தப் படிகளின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் யாரையும் முகத்தில் பார்ப்பதில்லை, கையில்தான் பார்க்கும். பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் போதும், இறங்கி வந்துவிடும். திறந்த பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை உருவிக்கொண்டு, பிரித்து, ஆற அமரத் தின்னும். முதுகுப்பையின் வெளிப்பக்க வலையில் செருகிய ஜூஸ் பாட்டிலுக்கும் பாதுகாப்பில்லை. முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே தின்பண்டம், பாட்டில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்துவிட வேண்டும். பத்துமலைக்குப் போகிறவருக்கு ஜிப் இல்லாத பையை நான் சொல்லவே மாட்டேன்.

அதே பையில் ஒரு துப்பட்டாவோ மெல்லிய வேட்டியோ இருக்கட்டும். முழங்கால் தெரியும் உடையோடு வரும் பெண்களை அடிவாரத்திலேயே நிறுத்தி, வாடகைத் துணியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். கப்பலில் காலையில் போட்ட அரைக்கால் சட்டையோடு அப்படியே கிளம்பி வந்த பிள்ளைகளுக்கும் அந்தத் துணி உதவும்.

ஆக, என் ஓட்டு முதுகுப்பைக்கு. எந்த முதுகுப்பை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டில் கிடக்கும் லேப்டாப் பையே போதாதா என்று முதலில் கேட்பார்கள். போதும், பாதி அளவுக்கு. அதன் முதுகுப் பக்கத்தில் பஞ்சு வைத்த லேப்டாப் அறை ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மேல் வாய் மட்டும்தான் திறக்கும். அடியில் போன மாத்திரை டப்பாவை எடுக்க மேலே உள்ள துணி மொத்தத்தையும் பஃபே மேசையில் பரப்ப வேண்டும். செலவு செய்ய விருப்பமில்லை என்றால் அதையே கொண்டுபோங்கள், கெட்டுப்போகாது. வாங்குவதானால் மூன்று பக்கமும் ஜிப் ஓடி, சூட்கேஸ் மாதிரி விரியத் திறக்கும் வகையைப் பாருங்கள். எக்ஸ்ரே பக்கத்தில் 'திறந்து காட்டுங்கள்' என்று சொன்னாலும் ஒரே இழுப்பில் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஜிப் அறை. பாஸ்போர்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பையை மாட்டியிருக்கும்வரை வேறு யார் கையும் அங்கே போகாது. திருட்டைத் தடுக்கும் கம்பி வலை, கார்டைக் காக்கும் ஆர்எஃப்ஐடி தடுப்பு என்று அட்டையில் எழுதி ஆயிரம் ரூபாய் கூடச் சொல்வார்கள். அந்த ஒரு அறை இருந்தால் இந்த வித்தைகள் எதுவும் தேவைப்படாது. சில பயணங்களில் கப்பல்காரர்களே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்போது அந்த அறை கப்பல் அட்டைக்கு. கப்பலை விட்டு இறங்கவும் திரும்ப ஏறவும் அந்த அட்டைதான் சாவி.

மூன்றாவது, உள்பக்கத் துணியின் நிறம். கறுப்புப் பைக்குள் கறுப்புத் துணி தைத்திருந்தால் கறுப்பு சார்ஜர் கைக்கு அகப்படாது. சாம்பலோ மஞ்சளோ வெளிறிய நிறமாக இருந்தால் எட்டிப் பார்த்ததும் தெரியும். கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை. நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும்.

அளவில் ஆசைப்படாதீர்கள். 40 லிட்டர் பை 'எல்லாம் கொள்ளும்' என்பதாலேயே எல்லாவற்றையும் போட வைத்துவிடும். சுற்றுலா பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டால் முன் இருக்கை முகத்தில் இடிக்கும். காலியாக ஒரு கிலோவைத் தாண்டாத 25 லிட்டர் பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையிலேயே நாலைந்து கிலோவுக்கு ஏதாவது உள்ளே போட்டு, மாட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். காலிப் பை எல்லாருக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். துணி தாங்கும், ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனே கண்ணெதிரில். 1833இல் எழுந்த குயீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் நடந்தே போய்விடலாம். திரும்பும் நேரம் பார்த்து மத்தியான மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கி நிற்க நேரம் இருக்காது, கப்பல் காத்திருக்காது. பாஸ்போர்ட்டையும் பவர் பேங்கையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தால் மழைக்குக் கவலையில்லை.

புக்கெட் கொஞ்சம் வேறு. படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டால் கரைக்குப் போவது சிறு படகில்தான். ஏறும்போது படகு ஒரு தாளத்தில் ஆடும், கப்பல் இன்னொரு தாளத்தில். சிப்பந்தி கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். உங்கள் இரண்டு கையும் காலியாக இருந்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. அங்கிருந்து ஃபி ஃபி தீவுகளுக்கு வேகப் படகில் போகிறவர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டிவரும். அன்றைக்கு மட்டும் வாயைச் சுருட்டிப் பூட்டும் ரப்பர் பூச்சுப் பை கைகொடுக்கும். 10 லிட்டர் போதும். அந்தக் கரையிலேயே கடைகடையாகத் தொங்கும். ஏறும் நாளுக்கு அதை நம்ப முடியாது. ஒரே குழி, அறையே கிடையாது.

முதுகுப்பையோடு இன்னொன்றும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்: கைக்குட்டை அளவுக்கு மடிந்து பைக்குள்ளேயே கிடக்கும் மெல்லிய மடிப்புப் பை. டெகாத்லான் மாதிரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பினாங்கு போல நடந்தே சுற்றும் ஊருக்கு அது மட்டும் போதும். ஊர் சுற்றி வாங்கிய சாமானைச் சுமக்கவும் ஆகும். குறுக்கே மாட்டும் சின்ன ஸ்லிங் பையும் இதற்கு உதவும்தான், ஆனால் அதில் தண்ணீர் பாட்டில் நுழையாது. வெயில் ஊரில் தண்ணீர் கொள்ளாத பையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கணவன் மனைவி இருவர் என்றால் ஆளுக்கொரு முதுகுப்பை வேண்டாம். ஒரு 25 லிட்டர், ஒரு மடிப்புப் பை, சரி. சின்னக் குழந்தை இருந்தால் டயபர், பால் பவுடர் வகைக்குத் தனியாக ஒன்று வேண்டும். அதைத் தூக்குகிறவர் பாஸ்போர்ட் பையைத் தூக்கக் கூடாது. குழந்தை அழும்போது பையை எங்கே வைத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் மாற்றுடையைத் தாங்களே சுமக்கட்டும். பெரியவர்களை அழைத்துப்போகிறவர்கள், அவர்களுடைய மாத்திரையைத் தங்கள் பையில் அல்ல, அவர்கள் பையிலேயே வைக்கட்டும். கப்பலில் நாலு பேரும் நாலு தளத்தில் இருப்பார்கள்.

கடைசி இரவில் இந்தப் பைக்கு மறுபடி முழு வேலை வரும். பெரிய பெட்டிகளைப் பத்துப் பதினோரு மணிக்குள் அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் காலை முனையத்தில்தான் அவற்றைத் திரும்ப எடுக்க முடியும். மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு, பல்துலக்கி, மாத்திரை, விசாத் தாள் எல்லாம் பெட்டி போவதற்கு முன்பே பைக்குள் வந்துவிட வேண்டும். இறங்கி நேரே சாங்கி விமான நிலையம் போகிறவர்கள் பவர் பேங்கையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பைக்கு மாற்றிவிடுங்கள். விமானத்தின் சரக்குப் பெட்டியில் அதற்கு அனுமதி கிடையாது.