அரக்குச் சேலை செங்கல் நிறமானது யாரால்?

கேள்வி: கல்யாண ஆல்பங்களுக்கு வெளி லேபில்தான் பிரிண்ட் போடுகிறேன். என் மானிட்டரில் நல்ல அரக்காகத் தெரியும் பட்டுச்சேலை, பிரிண்டில் மங்கி செங்கல் நிறமாக வருகிறது. படமும் இருட்டடிக்கிறது. கேட்டால், "உங்க மானிட்டர் சரியில்லை சார்" என்கிறார்கள். தப்பு யார் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: இருட்டுக்குப் பெரும்பாலும் நீங்கள்தான் காரணம். புது மானிட்டர்கள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில்தான் கடையிலிருந்து வருகின்றன. பிரிண்டுக்காக எடிட் செய்ய சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா வெளிச்சம் போதும். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள்.

நிறம் வேறு கதை. சேலையை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அதன் அசல் நிறம் மணப்பெண்ணுக்கே சரியாக நினைவிருக்காது. சாம்பல் நிறத்தை நம்புங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாகப் போகும் சாம்பல் கட்டங்கள், ஒரு முகம், அந்தச் சேலை மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்து டெஸ்ட் பிரிண்ட் போடுங்கள். ஃபைல் எஸ்ஆர்ஜிபி-யில் இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி-யில் அனுப்பி, லேப் மென்பொருள் அந்த புரொஃபைலைக் கவனிக்காமல் விட்டால், நிறங்கள் வெளிறிப்போகும். உங்கள் 'மங்கல்' அதுவாகவும் இருக்கலாம்.

"கரெக்‌ஷன் வேண்டாம்" என்று கட்டாயம் எழுதிக்கொடுங்கள். கல்யாண ஆல்பத்தில் பாதி வம்பு இங்கேதான். ஆட்டோ கரெக்‌ஷன், படத்தின் மொத்த நிறமும் சராசரியில் சாம்பலாக இருக்கவேண்டும் என்ற கணக்கில் ஓடுவது. படம் முழுக்க சிவப்புப் பட்டு நிறைந்திருந்தால், சிவப்பு கூடிவிட்டதாக நினைத்து அதைக் குறைக்கும். சேலை செத்துப்போகும், மணப்பெண் முகத்தில் பச்சை ஏறும். அடுத்த படத்தில் பச்சை வாழைமரம் வந்தால் அதே முகம் ரோஸாகிவிடும். ஒரே ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் முகம் மாறினால் சந்தேகப்படவேண்டியது இதைத்தான்.

வந்த பிரிண்டைப் பகலில் ஜன்னலோரம், நேர்வெயில் படாமல் பாருங்கள். லேப் கவுண்டரின் டியூப்லைட்டில் பார்த்துச் சண்டை போடாதீர்கள். சாம்பல் கட்டங்களில் மஞ்சளோ பச்சையோ ஏறியிருந்தால் கோளாறு லேபில். அவை சுத்தமாக இருந்து, திரையில் மட்டும் நிறம் வேறாகத் தெரிந்தால் கோளாறு உங்கள் மானிட்டரில். கேலிபரேஷன் கருவி ஒன்று வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ சரிசெய்யுங்கள். சிலர் லேப் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மானிட்டரைக் கண்ணாலேயே திருகுவார்கள். அது வேண்டாம். லேப் மாறினால் எல்லாம் குழம்பும்.

அந்த டெஸ்ட் பிரிண்டின் பின்னால் தேதி எழுதி, வெளிச்சம் படாத கவரில் வையுங்கள். சில வாரம் கழித்து அதே ஃபைலை அதே வகைத் தாளில் மறுபடி போடச் சொல்லுங்கள். இரண்டும் வேறுவேறாக வந்தால் மானிட்டரைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இரண்டு தாளையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.