குழி தோண்ட எந்தக் கருவி? மலையடிவார இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேளாண்மை படித்த பிள்ளைகள் தேவாரம், பண்ணைப்புரம், போடி பக்கமெல்லாம் ஊர் திரும்பி அப்பாவின் நிலத்தைக் கையில் எடுக்கிறார்கள். மனதுக்கு நிறைவான செய்தி இது. ஆனால் அவர்கள் முதலில் வாங்குகிற கருவியைப் பார்த்தால் கவலை வருகிறது. வேலிக்கால் நட வேண்டும் என்றதும், கைபேசியில் பார்த்த ஒரு நிமிட வீடியோவை நம்பி மண்ணைத் திருகிக் குழி போடும் பெட்ரோல் ஆகர் மெஷினுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். இன்னும் சில வீடுகளில் அப்பாவே முந்திக்கொள்கிறார். "பக்கத்துத் தோட்டத்துல மெஷின் வந்துருச்சு, நமக்கு மட்டும் என்ன கொறச்சல்" என்று வாங்கிவந்து, அதைத் தொட்டே பார்த்திராத மகன் கையில் கொடுத்துவிடுகிறார். மண்ணை யாரும் பார்ப்பதில்லை, சரிவைப் பார்ப்பதில்லை, பிள்ளையின் உடம்புவாகையும் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கருவிக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எதற்காகக் குழி என்பது. ஏலச்செடிக்கு வேண்டியது அகலமான, ஆழம் குறைந்த குழி. 60 சென்டிமீட்டர் நீள அகலமும் 35 சென்டிமீட்டர் ஆழமும் போதும். ஏலத்தின் வேர் மேல்மண்ணிலேயே பரவும்; ஆழத்தில் புதைத்தால் தண்டு அழுகும். தென்னைக்கும் மாவுக்கும் 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம். வாழைக்கு எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி. இவற்றுக்கெல்லாம் மம்பட்டியும் கடப்பாரையும்தான் கருவி. அதில் பேச ஒன்றுமில்லை.

கால் நடும் குழி இதற்கு நேர்மாறானது. குறுகலாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். வேலிக் கல்தூண், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல் கால், மிளகுக் கொடி ஏற நடும் முருக்கங்கொம்பு எல்லாம் இந்த வகை. காலின் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்காவது, முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு, மண்ணுக்குள் போக வேண்டும். கம்பியின் இழுவையைத் தாங்கும் மூலைக்கால் இன்னும் ஆழமாக இறங்க வேண்டும்; அதற்கு முட்டுக்காலும் அவசியம்.

கையால் தோண்டும் கருவிகள்

கடப்பாரையும் மம்பட்டியும் எல்லார் வீட்டிலும் உண்டு. கல் நிறைந்த சரளை மண்ணில் கடப்பாரைக்கு மாற்று கிடையாது. ஆனால் 2 அடி ஆழத்துக்கு மம்பட்டி இறங்க வேண்டுமானால் வாயை ஒன்றரை அடிக்காவது அகலப்படுத்த வேண்டியிருக்கும். அப்போது வெளியேறும் மண் நாலரை கன அடி. 8 அங்குல விட்டத்தில் அதே ஆழம் தோண்டினால் முக்கால் கன அடிகூட வராது. ஆறு மடங்கு மண்ணை வீணாக அள்ளுகிறோம். அதைத் திரும்பப் போட்டுக் கெட்டிக்கவும் வேண்டும். இளகிய மண்ணில் நட்ட கால் முதல் மழையிலேயே சாய்வது இதனால்தான்.

இரண்டு நீளப் பிடியும் எதிரெதிரே இரண்டு அலகும் கொண்ட குழிதோண்டி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பிடிகளைச் சேர்த்துப் பிடித்து நேராக இறக்கி, பிறகு விரித்தால் அலகுகள் மண்ணைக் கவ்விக்கொள்ளும். அப்படியே தூக்கி ஓரத்தில் போடலாம். மலைத்தோட்ட வேலையை மேற்பார்த்த ஆண்டுகளில் என் மனம் இந்தக் கருவியோடு ஒன்றிவிட்டது. கடப்பாரையால் இளக்கி, குழிதோண்டியால் அள்ளும் இந்த ஜோடியையே இன்றும் முதலில் சொல்வேன்.

குறுக்குப் பிடியைப் பிடித்துத் திருகி இறக்கும் கை ஆகர், கல் இல்லாத செம்மண்ணிலும் ஓடையோர வண்டலிலும் நன்றாக வேலை செய்யும். காய்ந்த கரிசலிலும் சரளையிலும் அது நகராது.

பெட்ரோல் ஆகர்: மயங்க வேண்டாம்

52 சிசி, 63 சிசி, 68 சிசி என்று டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஒற்றை ஆள் பிடிக்கும் மெஷின்கள் விற்பனைக்கு வருகின்றன. சமதளத்தில், ஈரமான செம்மண்ணில், கண்மூடித் திறப்பதற்குள் குழி விழுகிறது. நீங்கள் பார்க்கும் வீடியோ எல்லாம் அந்த நிலத்தில் எடுத்தவை. நம் நிலம் அப்படிப்பட்டதல்ல. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அம்பரப்பர் மலையைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம், அது இறுகிய சார்னோக்கைட் பாறை என்பதே. அதே மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் நாம் விவசாயம் செய்கிறோம். மேலே செம்மண் தெரியும். ஒன்றரை அடி இறங்கினால் உருண்டு வந்த கல் இருக்கும்.

சுழலும் திருகு கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் அது நின்றுவிடும். எஞ்சினின் விசை நிற்காது. அந்த விசை மெஷினை எதிர்ப்பக்கம் திருப்பி, பிடித்திருப்பவரின் மணிக்கட்டையும் தோளையும் விலாவையும் தாக்கும். சமதளத்தில் நிற்பவர் தடுமாறிச் சமாளிக்கலாம். ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாகச் சரிவில் நிற்பவர் மெஷினோடு உருளுவார். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முரடர்கள் அல்ல. யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை.

இதோடு முடியவில்லை. வேட்டி, லுங்கி, தோள் துண்டு, சேலை முந்தானை எதுவானாலும் திருகில் சுற்றினால் ஆளை இழுத்துவிடும். நாள் முழுக்க அதிர்வு வாங்கிய விரல்கள் இரவில் மரத்துப்போகும். களிமண் கலந்த நிலத்தில் திருகு குழிச்சுவரை மெழுகிவிட்டது போல் வழவழப்பாக்கிவிடும்; அதில் வைத்த கன்றின் வேர் சுவரைத் துளைக்க முடியாமல் வட்டமாகச் சுற்றும். ஏலக்குழிக்கு இதை வாங்குவது இன்னும் பெரிய தவறு. பெரிய அளவான 12 அங்குலத் திருகு போட்டாலும் ஓர் அடி அகலம்தான் கிடைக்கும். செடி கேட்பதோ இரண்டு அடி.

செலவையும் எண்ணிப் பாருங்கள். பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு தவறினால் எஞ்சின் போகும். கல்லில் பட்ட திருகின் முனை மழுங்கும். வேலி போடுவது ஒரு முறை. மீதி நாளெல்லாம் மெஷின் மூலையில் கிடக்கும். மானியம் வருகிறது என்பதற்காகவும் தேவையில்லாததை வாங்காதீர்கள்.

கல்லில்லாத சமநிலத்தில் நூற்றுக்கணக்கான குழிகள் வேண்டுமானால் வாடகைக்கு எடுங்கள். முழுக்காற்சட்டை, பூட்ஸ், கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். திருகு சிக்கினால் எஞ்சினை அணைத்த பிறகே கையை அருகில் கொண்டுபோங்கள். டிராக்டரில் மாட்டும் துளைப்பானும் சமநிலத்துக்கானதே. சுழலும் தண்டின் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது.

கைக்கருவியிலும் கவனம் வேண்டும்

கைக்கருவி என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். தோண்டும் முன் சொட்டுநீர்க் குழாய், மோட்டாருக்குப் போகும் மின்கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்று வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். நல்ல மழை ஒன்று பெய்து இரண்டு நாள் கழித்துத் தோண்டினால் பாதி உழைப்பு மிச்சம். மேலே ஏலமலையில் ஜூனில் மழை இறங்கும்போது தேவாரம் மழைமறைவில் காய்ந்து கிடக்கும். நமக்கு ஐப்பசி மழைதான் கை கொடுக்கும்.

சரிவில் நிற்கும்போது முதலில் மம்பட்டியால் கால் வைக்க ஒரு சமதளம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நிற்காமல், சரிவுக்குக் குறுக்கே, இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நில்லுங்கள். குழிதோண்டியைத் தலைக்கு மேல் ஓங்கிக் குத்த வேண்டாம். அதன் எடையே இறங்கட்டும். பாதம் அலகிலிருந்து விலகியிருக்க வேண்டும். பிடிகள் சேரும்போது விரல்முட்டி நசுங்காதபடி பிடியுங்கள். கல்லை நெம்புவதற்கு அதன் பிடியைப் பயன்படுத்தினால் பிடி ஒடியும். நெம்புவது கடப்பாரையின் வேலை.

ஒருவர் கடப்பாரையைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பதைக் கைவிடுங்கள். பூத்துப்போன இரும்புத் தலையிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறிக்கும். கல் உடைக்கும்போது கண்ணாடி அணியுங்கள். மண்ணைத் தூக்கும்போது இடுப்பைத் திருப்பாமல் காலை நகர்த்தித் திரும்புங்கள். 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குலக் கனம் உள்ள கல்தூண் சரியாக ஒரு கன அடி; எடை ஏறக்குறைய 75 கிலோ. அதை ஒற்றையாளாகத் தூக்கி நிறுத்துவது வீரம் அல்ல.

தோண்டிய குழியில் அன்றே காலை நட்டுவிடுங்கள். முடியாவிட்டால் பலகை போட்டு மூடுங்கள். குழந்தையும் ஆட்டுக்குட்டியும் விழுவது ஒருபுறம். மறுநாள் காலையில் உள்ளே பாம்போ தேளோ இருக்கும், பார்க்காமல் கை விடக் கூடாது. வெட்டுக்காயம் பட்டால் மண்ணைக் கழுவி, அன்றைக்கே டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கை எதற்குப் பழகும்?

எல்லாருக்கும் ஒரே கருவி பொருந்தாது. தோள்பலம் உள்ளவர் கடப்பாரையில் நிலைப்பார். நிதானமானவர் குழிதோண்டியில் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்வார். எஞ்சின் சத்தத்தின் மாற்றத்தைக் காதால் உணர்ந்து விசையை விடத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் மெஷின் கற்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்பதை அப்பாவின் ஆசையோ ஊரின் வழக்கமோ முடிவு செய்யக் கூடாது. தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கும் இது பொருந்தும். என்ன படிப்பது, எந்தப் பயிரை வைப்பது என்ற கேள்விகளிலும் அடுத்தவரைப் பார்த்து நடப்பதால்தான் நல்ல பிள்ளைகள் மனம் வெறுத்துப்போகிறார்கள்.

எனவே இளைஞர்களே, எந்த மெஷினுக்கும் பணம் கட்டும் முன் உங்கள் வேலியின் ஒரு பக்கத்தையாவது கையால் தோண்டுங்கள். எங்கே கல் கிடக்கிறது, எங்கே மண் இளகியது, எத்தனை குழிக்குப் பிறகு உங்கள் முதுகு ஓய்வு கேட்கிறது என்று அப்போதுதான் தெரியும். முதல் வாரம் மெதுவாகத்தான் போகும், அதற்காக வெட்கப்படாதீர்கள். நிலத்தையும் உடம்பையும் அறிந்த பிறகு எந்தக் கருவியை வாங்கினாலும் அது உங்களுக்கு உழைக்கும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்கு மெஷின் வாங்கித் தருவதற்கு முன்னால், கற்றுக்கொள்ள ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள்.