பெரிய கோயிலுக்கு எஸ்டிமேட் போடும் தம்பிக்கு



தஞ்சைப் பெரிய கோயிலை இன்றைக்குக் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு தயாரிக்க இறங்கியிருக்கிறாய். கட்டட அளவை வேலை கற்கும் ஒருவன் தன் தொழிலைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கட்டடம் கிடைக்காது. தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரூபாயைக் கடைசிக்குத் தள்ளு. கல் எத்தனை டன், ஆள் எத்தனை நாள், நெல் எத்தனை கலம் என்பது கைக்கு வரும்வரை ரூபாய்க் கட்டம் காலியாகவே இருக்கட்டும். அளவுகள் இல்லாத கோடிக்கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மதிப்பீடு ஆகாது. அப்படிச் சொல்வதற்குக் காரணங்கள் அந்தக் கோயிலிலேயே இருக்கின்றன.

முதலில் கல்லை எடுத்துக்கொள். விமானத்துக்கு 1,30,000 டன் கருங்கல் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே எடுத்து டன் விலையால் பெருக்கிவிடாதே. அடித்தளம் ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம், உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். 216 அடி என்று வழங்கும் கணக்கை ஏற்றால் இன்னும் ஆறு மீட்டர் கூடும். 30 மீட்டர் சதுரத்தில் 60 மீட்டர் உயரத்துக்கு இண்டு இடுக்கில்லாமல் கல்லை அடுக்கினால் 54,000 கன மீட்டர். கருங்கல் கன மீட்டருக்கு 2.65 டன் என்றால் அது 1,43,000 டன். அதாவது, வழக்கில் இருக்கும் எண் ஏறக்குறைய ஒரு கெட்டிப் பெட்டியின் எடை. பெரிய கோயில் விமானமோ பதின்மூன்று நிலைகளாகக் குறுகிக்கொண்டே போகிறது. உள்ளே கருவறை, அதைச் சுற்றி இரண்டு தளங்களில் நடைபாதை, அதற்கு மேலே வெற்றிடம். இவற்றைக் கழித்தால் பாதியைத் தொடுவதே கடினம். திருச்சுற்று மாளிகை, மதில், வாயில்கள் என்று வளாகம் முழுவதையும் சேர்த்தால் அந்த எண் ஒருவேளை பொருந்தலாம்; விமானத்துக்கு மட்டும் பொருந்தாது. எண் தவறாக இருப்பதால் கோயிலின் பெருமை ஒரு துளியும் குறையாது. உன் மதிப்பீடுதான் இரண்டு மடங்காகிவிடும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத செலவு. தஞ்சையைச் சுற்றி வண்டல் மண்தான், பாறை கிடையாது. கல் முழுக்கத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஆகவே 'லீட்', அதாவது தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவு, கல்லின் விலையையே விழுங்கிவிடும். அதைவிடப் பெரியது 'லிஃப்ட்', உயரத்துக்கு ஏற்றும் செலவு. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மண் சாய்தளம் அமைத்து உச்சிக் கல்லை ஏற்றினார்கள் என்பது ஊர் வழக்கு. இதை நம்புவதற்கும் மறுப்பதற்கும் முன்னால் அளந்து பார். ஆறு கிலோமீட்டர் நீளம், முடிவில் 60 மீட்டர் உயரம். அகலம் வெறும் பத்து மீட்டர், பக்கச் சரிவே இல்லை என்று வைத்தாலும் 18 லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். மேலே சொன்ன கெட்டிப் பெட்டியைப் போல முப்பத்து மூன்று மடங்கு. பக்கங்கள் சரியாமல் நிற்கும் அளவுக்குச் சரிவு கொடுத்தால் பல மடங்கு கூடும். கொட்டிய மண்ணை வேலை முடிந்ததும் அள்ளவும் வேண்டும். அந்த வழக்கை ஏற்றுக்கொண்டால், இன்று ஒரு தடயமும் தெரியாத மண்மேடுதான் உன் மதிப்பீட்டின் ஆகப் பெரிய இனமாக இருக்கும். கோயில் அதற்குப் பின்னால்தான் வரும். விமானத்தையே சுற்றி ஏறும் சாரமும் மண்ணும் என்று கொண்டால் கணக்கு முற்றிலும் வேறு. உச்சிச் சிகரம் 80 டன் ஒற்றைக் கல்லா, பல துண்டுகளின் சேர்க்கையா என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. துண்டுகளின் சேர்க்கை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஏற்றும் முறை பற்றிய கற்பனைகளெல்லாம் அந்த ஒற்றைக் கல்லை நம்பியதால் பிறந்தவை.

கிரேனும் வைரக் கம்பி ரம்பமும் இருக்கும்போது பழைய சாரத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்போது நீ விலை போடுவது வேறொன்றுக்கு. அதே வடிவத்தை இன்றைய முறையில் கட்டும் செலவு ஒன்று. அதே முறையில் மறுபடி கட்டும் செலவு இன்னொன்று. சோழ அரசுக்கு அன்று எவ்வளவு ஆயிற்று என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே தாளில் கலந்தால் எதற்கும் விடை வராது. இன்றைய முறை என்று முடிவு செய்தாலும், காங்கிரீட் கட்டடங்களுக்கான பொதுப்பணித் துறை விலைப் பட்டியலில் இதற்கான வீதம் அகப்படாது. நம் காலத்துக் கருங்கல் வேலைகளைப் பார். கணபதி ஸ்தபதி உருவாக்கி 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. எடை சுமார் 7,000 டன் என்பார்கள். கல்லைச் செதுக்கி, கடல் கடத்தி, பாறைமேல் ஏற்றி, அடுக்கிய வேலை. ஒரு டன்னுக்குக் கல் தச்சருக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதற்கு அப்படிப்பட்ட வேலைகளைச் செய்தவர்கள்தான் சரியான விடை சொல்ல முடியும். மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது. அங்கே போய்க் கேள். உளியைக் காய்ச்சித் தட்டிக் கூராக்கும் நேரத்தையும் கேட்க மறக்காதே, கருங்கல்லில் அது சின்ன இனமே இல்லை.

அன்று கூலியே இல்லை, வெட்டி வேலைதானே, அதற்கென்ன செலவு என்று ஒரு வாதமும் வரும். ஊதியமில்லாத கட்டாய உழைப்பைச் சோழர் கல்வெட்டுகளே வெட்டி என்று குறிக்கின்றன. பெரிய கோயில் வேலையில் அதன் பங்கு எவ்வளவு என்பது இருக்கட்டும். ஒருவனுக்குக் காசு கொடுக்கவில்லை என்பதற்காக அவன் வேலை செய்த நாள் இல்லாமல் போய்விடாது. அவன் வயலை விட்டு வந்த நாள் அது. யாரோ ஒருவர் அவனுக்குச் சோறும் போட்டார். ரூபாயில் எழுதினால் அந்த உழைப்பு பூஜ்ஜியமாகி மறைந்துவிடும். ஆள்நாளில் எழுதினால் மறையாது. ஆள்நாளை முதலில் வை என்று நான் வற்புறுத்த இதுவே எனக்குப் பெரிய காரணம்.

இனி, சோழ அரசுக்கு அன்று எவ்வளவு ஆயிற்று என்ற மூன்றாவது கேள்விக்கு வருவோம். விமானத்தின் உச்சிக்கு, கோயிலைக் கட்டிய இராசராசன் கொடுத்த செப்புக் குடம் 3,083 பலம், அதற்குப் பொன் தகடு 2,926½ கழஞ்சு என்று அன்றைய எடை அளவுகளில் அரைக் கழஞ்சுவரை கல்வெட்டு எழுதி வைத்திருக்கிறது. பெருந்தச்சன் முதல் நாவிதர், தையற்காரர்வரை கோயில் ஊழியர்களுக்குப் பங்கும் பதிவாகியிருக்கிறது. கட்டுமானச் செலவு மட்டும் அங்கே இல்லை. இருப்பதை வைத்து ஒரு சோதனை செய்து பார்ப்போம். கோயிலில் ஆடும் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆக 40,000 கலம். இதைவிடத் தெளிவான பதிவு கிடைப்பது அரிது. இரண்டு கலம் ஒரு மூட்டை, மூட்டை 60 கிலோ என்ற பிற்காலத் தஞ்சை வழக்கைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டால் 1,200 டன் நெல். குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் மூன்று கோடி. அதே கோயில் கல்வெட்டுகளில் காசுக்கு இரண்டு கலம் நெல், காசுக்கு மூன்று ஆடு என்ற விலைகளும் வருகின்றன. அந்த வழியில் போனால் 40,000 கலம் 20,000 காசு, அதாவது 60,000 ஆடு. ஓர் ஆடு 8,000 ரூபாய் என்று வைத்தால் 48 கோடி! அளவில் ஐயமே இல்லாத ஒரே பதிவு, மூன்று கோடியாகவும் நாற்பத்தெட்டு கோடியாகவும் நிற்கிறது. கலத்தின் எடை கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. ஆயிரம் ஆண்டில் நெல் விளைச்சல் பெருகி மலிந்துவிட்டது. ஆடு அப்படிப் பெருகவில்லை, மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. பொன் வழியாகப் போனால் மூன்றாவது எண் ஒன்று கிடைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஜனங்கள் கேட்பது ஒரு தொகையைத்தானே என்பாய். உண்மை. அதைக் கேட்பதில் தவறும் இல்லை. ஒரு கோயிலின் அளவு மனத்தில் பதிய தங்களுக்குத் தெரிந்த அலகில் கேட்கிறார்கள். தொகையைக் கொடு. மூன்று கேள்விகளில் எதற்கான தொகை, எந்த ஆண்டின் விலை, கட்டடத்தில் எது முதல் எதுவரை என்பதை அதே வரியில் சேர்த்துக் கொடு. ஐந்து ஆண்டில் உன் ரூபாய் பழசாகும்போது, டன்னும் ஆள்நாளும் அடுத்தவருக்கு அப்படியே பயன்படும். பராமரிப்பு என்றும் ஒரு பகுதி திற. இராசராசன் சுவரில் வெட்டச் சொன்னதில் கணிசமான பங்கு விளக்குக்கு நெய், பூசைக்கு நெல், ஆட்களுக்குப் பங்கு என்று ஆண்டுதோறும் வேண்டிய செலவுதான். அவன் கணக்கில் கோயில் என்பது 1010இல் முடிந்துபோன வேலை அல்ல. அந்தப் பராமரிப்புப் பகுதியில் 40,000 கலத்தைக் கலமாகவே எழுது.