மாற்றுச் சக்தி: எமது முற்றத்துக்கு எது பொருந்தும்?

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்த்தப்பட்டது. தோட்டத்துக்கு நீர் இறைப்பதா, வீட்டில் விளக்கு எரிப்பதா என்று பல குடும்பங்கள் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. அதன் பின்னர் 'மாற்றுச் சக்தி' என்ற சொல்லைக் கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் நாம் அடிக்கடி கேட்கிறோம். சூரிய வெளிச்சமும் காற்றும் சாணமும் தீர்ந்துபோகாத சக்தி மூலங்கள் என்பது உண்மையே. ஆனால் சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் காணியிலோ நலன்புரி நிலையத்திலோ வாழும் விவசாயக் குடும்பத்துக்கு இவற்றுள் எது கைகொடுக்கும், எது சுமையாகும்? இதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

அரசின் கொள்கையில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தை 2030இல் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென இலக்கு வகுக்கப்பட்டுள்ளது. கூரையில் சூரிய மின்சாரம் பெறும் திட்டம் 2016இல் பெரிதாக ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் அதில் சேருவதற்கு மின் இணைப்பு வேண்டும், பாரம் தாங்கும் கூரை வேண்டும், கையில் முதலும் வேண்டும். தகரக் கொட்டிலில் இருப்பவருக்கு அந்த வாசல் திறந்திருந்தும் பயனில்லை. கொள்கை வகுப்போர் காணியுள்ளவனை மனதில் வைத்தே வகுக்கிறார்கள் என்பது எமது அபிப்பிராயம்.

ஆகவே சிறியதிலிருந்து தொடங்குவோம். இந்நாட்டில் அதிக வீடுகளுக்குள் நுழைந்த சக்திப் புத்தாக்கம் சூரியப் படல் அல்ல, ஒரு மண் அடுப்பு. 1980களில் முதலில் பரவிய மேம்படுத்தப்பட்ட அடுப்பு இரு துண்டுகளாலானது. பயிற்சி பெற்ற ஒருவர் வந்து குசினியில் கட்டித்தர வேண்டும். உதவித் தொகை இருக்கும்வரை அது நடந்தது. பின்னர் நகரக் குடும்பங்களுக்காக, கடையில் வாங்கித் தூக்கிச் செல்லத்தக்க ஒற்றைத் துண்டாக 'அனகி' அடுப்பு வடிவமைக்கப்பட்டது. குயவர் வனைந்தனர், வியாபாரிகள் விற்றனர், தாய்மார் தம் காசில் வாங்கினர். நகரத்துக்கென்று செய்தது கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அது பரவியதற்குக் காரணம் எமது சாப்பாட்டு முறைதான். முதல் வாயில் சோறு கொதிக்கும்போது, அதைத் தாண்டி வரும் வெப்பத்தில் இரண்டாம் வாயில் கறி வேகும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சமாகும். வாரத்தில் மூன்று நாள் விறகுக்குப் போகும் பெண் இரண்டு நாள் போனால் போதும் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். மிதிவெடி அகற்றப்படாத பற்றைக்காடுகளை அறிந்த எமக்கு அந்த ஒரு நாள் சிறிய இலாபமல்ல.

அடுப்பை வாங்கி அப்படியே வைக்கக்கூடாது. சுற்றிவரக் களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்துத் தடிப்பாகப் பூசவேண்டும். பூசாவிட்டால் வெப்பம் வெளியேறும், அடுப்பும் விரைவில் வெடிக்கும். இடம் மாற நேர்ந்தால் பூச்சை உடைத்து அடுப்பை எடுத்துச் செல்லலாம். விறகைச் சிறிதாகப் பிளந்து காயவைத்து எரியுங்கள். பனைமட்டையும் கொக்கரையும் ஊமலும் நன்றாகவே எரியும். எனினும் இது புகைபோக்கி இல்லாத அடுப்பு. புகை குறையும், ஒழியாது. வீட்டுப் புகையினால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. குசினிச் சுவரின் மேற்பகுதியைத் திறந்துவிடுவதும் கைக்குழந்தையை அடுப்படியில் கிடத்தாதிருப்பதும் செலவில்லாத வைத்தியம்.

அடுத்தது சாண எரிவாயு. இதைப் பற்றி எம்மிடம் கேட்காத சங்கமில்லை. கணக்கை முதலில் பார்ப்போம். ஐந்தாறு பேருள்ள குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,500 லீற்றர் வாயு தேவை. ஒரு கிலோ பச்சைச் சாணம் 35 முதல் 40 லீற்றர் வரை தரும். ஆகவே தினமும் 40 கிலோ சாணமும், அதைக் கரைக்க அதேயளவு தண்ணீரும் வேண்டும். கட்டி வளர்க்கும் மாடு ஒன்று நாளுக்குப் பத்துக் கிலோ அளவில் போடும் என்றால் நாலு மாடு. மேயவிடும் மாடென்றால் பாதிச் சாணம் தரவையிலேயே போய்விடும். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் தினம் 40 லீற்றரைத் தாங்கிக்குள் ஊற்ற யார் சம்மதிப்பார்?

செங்கல்லும் சீமெந்தும் கொண்டு நிலத்துக்குள் கட்டும் தாங்கியை நாளை பெயர்த்துச் செல்லவும் முடியாது. இரவல் காணியில் இதைக் கட்டவேண்டாம் என்பதே எமது ஆலோசனை. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள், கட்டிய மாடுள்ளவர்கள் தாராளமாகக் கட்டலாம். வாயு போனபின் மிஞ்சும் கரைசலில் தழைச்சத்து அழிவதில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி முன்னாயத்தம் எதுவுமின்றித் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டதே, அவ்வேளை இப்படியொரு தாங்கி வைத்திருந்தவருக்குத் தோட்டத்தில் இடுவதற்கு ஏதோ இருந்தது.

சூரிய விளக்கைக் கடனுக்கு எடுப்போர் மின்கம்பிகள் எவ்வளவு தூரத்தில் வந்துவிட்டன என்பதை முதலில் விசாரியுங்கள். 1997 முதல் 2011 வரை உலக வங்கியின் உதவியுடனான திட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமிய வீடுகள் சூரிய மின் தொகுதி பெற்றன, பெரும்பாலும் கடனுக்கே. மின்சாரம் வந்த ஊர்களில் படல் சும்மா கிடக்க, தவணை மட்டும் தொடர்ந்தது. பற்றரியும் சில ஆண்டுகளில் மாற்றவேண்டியது. அதன் விலையைக் கடன் தருபவர் முதலில் சொல்வதில்லை.

சூரிய சக்தியில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பற்றி வேறொரு கவலை உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் தேங்கி, கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் ஏறக்குறைய நாற்பது அடி மேலேறும் என்பது கணிப்பு. துலா மிதித்த காலத்தில் உடல் களைப்பு இறைப்பை நிறுத்தியது, பின்னர் மண்ணெண்ணெய் விலை நிறுத்தியது. சூரிய இயந்திரத்துக்கு எரிபொருட் செலவில்லை, ஆகவே வெயில் மறையும்வரை அதை நிறுத்தத் தோன்றாது. ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிடும் இடங்களில், இயந்திரம் வருமுன்பே எத்தனை மணித்தியாலம், யாருக்கு எந்த நாள் என்று சங்கத்தில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்ட கயிறொன்றைக் கிணற்றுக் கட்டில் தொங்கவிட்டு, இறைக்குமுன் காலையில் நீர்மட்டத்தை ஒருவர் குறித்து வரட்டும். கோடையில் அது வாரத்துக்கு வாரம் இறங்கினாலோ, தண்ணீர் நாக்கில் கரித்தாலோ அந்த நாளே நேரத்தைக் குறைத்துவிடுங்கள்.